பழைய எக்ஸ்பி மெசின் கேம்களை விண்டோஸ் 11 லப்டொப்பில் ஓட வைக்க வழி உண்டா?

கல்லடிப்பாலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அண்ணன் பாவித்த பென்டியம் 4 கொம்பியூட்டர் ஒன்று இன்னும் இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. அண்ணன் கட்டாருக்குப் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கூடவே ஒரு பெட்டி நிறைய சிடிகள். பாடசாலை விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லடிக்கு வந்து நிற்கப் போகிறார்கள், நாங்கள் விளையாடிய கேம்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குச் சரியான ஆசை. 2006, 2007 காலத்தில் பொழுதுபட்டால் வெளியே போக வீட்டில் விடமாட்டார்கள், அந்தப் பின்னேரங்கள் முழுக்க எங்களுக்கு இந்த மெசின்தான். பக்கத்து வீட்டுப் பெடியன்களும் வந்துவிடுவார்கள், ஒருவர் விளையாட மற்றவர்கள் எல்லோரும் பின்னால் நின்று எங்கே போ, எதை வெட்டு என்று சொல்லிக்கொண்டிருப்போம். அண்ணன் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் பாரசீகரை எடுத்து யானைப்படை கட்டினால் எங்களுக்கு அன்று வேறு எதுவும் தேவையில்லை.

பழைய மெசினுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை, பயமாக இருக்கிறது. என்னுடைய லப்டொப் புதிது, விண்டோஸ் 11. யூஎஸ்பியில் பூட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை நண்பனிடம் வாங்கி சிடிகளைப் போட்டுப் பார்த்தேன்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 இன்ஸ்டோல் ஆகிறது, திறக்கிறது, ஆனால் புல்லும் தண்ணீரும் ஊதாவும் சிவப்புமாகத் தெரிகிறது. அக்காவின் த சிம்ஸ், லண்டனில் இருந்து மாமா கொண்டுவந்த ஒரிஜினல் சிடி, அதுவும் இன்ஸ்டோல் ஆகிறது, ஐகனை அமத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை, பிழை என்றுகூடச் சொல்வதில்லை. பிரின்ஸ் ஒஃப் பெர்சியா இந்தக் கொம்பியூட்டரில் ஓடாது என்று ஒரு நீலப் பெட்டியைக் காட்டுகிறது. ஜிடிஏ வைஸ் சிட்டி மட்டும் நன்றாக ஓடுகிறது, ஆனால் சேவ் பண்ண முடியவில்லை, ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கொம்பெட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி, 98, 95 எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை.

பழைய மெசினையே எழுப்புவதா, அல்லது லப்டொப்பிலேயே இவற்றைச் சரிப்படுத்தலாமா? பெரிய செலவு செய்ய முடியாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


கல்முனை ரிப்பெயர் எழுதியது:

தம்பி, கரண்ட் கொடுக்காமல் கேட்டது மிகவும் நல்லது. நான் கல்முனையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மூடி வைத்திருந்த மெசின்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. கேமைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் மெசினைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். 115, 230 என்று இரண்டு நிலை. எங்கள் கரண்ட் 230 வோல்ட். அது யாருடைய கையாவது பட்டு 115இல் நின்றால் பிளக்கைப் போட்ட உடனே பவர் சப்ளை வெடிக்கும். பிறகு பக்க மூடியைக் கழற்றி மதர்போர்ட்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். 1999 தொடக்கம் 2007 வரை வந்த போர்ட்களில் மோசமான கப்பாசிட்டர்கள் நிறையச் சேர்ந்துவிட்டன, பென்டியம் 4 சரியாக அந்தக் காலத்துச் சாமான். தலை தட்டையாக இருந்தால் சரி. வீங்கியிருந்தால், மேலே கபில நிறத்தில் கசிந்திருந்தால் போட வேண்டாம், மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றும்போது அதே மைக்ரோஃபரட், வோல்ட் அதே அளவு அல்லது கூட, 105 பாகை தாங்குகிற லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை. ரேமைக் கழற்றி அதன் தங்கப் பற்களை ஐசோபுரப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள். உப்புக்காற்றில் முதலில் கறுப்பது அதுதான், செத்துப்போன மெசின் என்று கொண்டுவருகிறவற்றில் பல இதிலேயே எழும்பிவிடும். மதர்போர்ட்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர் 2032 பட்டரி கட்டாயம் இறந்திருக்கும், புதிதாக ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் திகதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போய் நிற்கும். பல்லி, எறும்பு குடியிருந்த பவர் சப்ளை என்றால் அதைத் திறக்க வேண்டாம், என்னைப்போல ஒருவரிடம் கொடுங்கள். பழைய குழாய் மொனிட்டரும் அப்படித்தான், கரண்டைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் நிற்கும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஹார்ட் டிஸ்க். மெசினைப் போட்டு எக்ஸ்பி வருகிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். அப்படிச் செய்யாதீர்கள். இத்தனை வருடம் நின்ற டிஸ்க் கடைசியாக ஒருமுறை ஓடக்கூடும், அந்த ஒரு ஓட்டத்தைக் கொப்பி எடுப்பதற்கு வைத்திருங்கள். டிஸ்க்கைக் கழற்றி, பழைய ஐடிஈ வகை டிஸ்க்கை யூஎஸ்பியில் பூட்ட உதவும் அடப்டர் ஒன்றில் பூட்டுங்கள், மூன்றரை அங்குல டிஸ்க் என்றபடியால் தனியாக 12 வோல்ட் பவர் வருகிற அடப்டர் வேண்டும், யூஎஸ்பி கரண்ட் மட்டும் போதாது. லப்டொப்பை லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்கியூ என்ற புரோகிராமால் முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக எடுங்கள். அது முதலில் நல்ல இடங்களை வாசித்து முடித்துவிட்டுத்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். எதுவரை வாசித்தது என்று ஒரு மப் ஃபைலிலும் எழுதி வைக்கும், அதனால் இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். அண்ணனின் கேம் சேவ், படங்கள், கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு ஃபைலில் பத்திரம். அதற்குப் பிறகு மெசினை எழுப்பலாமா வேண்டாமா என்று ஆறுதலாக யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து டிஸ்க்கில் வைரஸ் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சலிட்டி போன்ற வைரஸ்கள் ஈஎக்ஸ்ஈ ஃபைல்களுக்கு உள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கும், கேமின் ஈஎக்ஸ்ஈயும் அதில் அடக்கம். ஸ்கான் செய்யாமல் ஒன்றையும் லப்டொப்பில் திறக்காதீர்கள். சுத்தம் செய்த பிறகு ஓடாவிட்டால் அந்த ஈஎக்ஸ்ஈயை சிடியில் இருந்து எடுங்கள்.


காத்தான்குடி நானா எழுதியது:

தம்பி, உங்கள் நாலு கேமும் நாலு வேறு காரணத்தால் நிற்கின்றன. கொம்பெட்டிபிலிட்டி மோடை மாற்றி மாற்றிப் போட்டும் பலன் வராதது அதனால்தான். அது செய்வதெல்லாம் கேமுக்குத் தான் பழைய விண்டோஸில் இருப்பதாக நம்ப வைப்பதும் தெரிந்த சில தொல்லைகளை மறைப்பதும் மட்டும். இல்லாமல் போன பாகத்தை அது திருப்பிக் கொண்டுவராது.

பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவை எடுங்கள். அது டோஸ் கேம், 16 பிட். 64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது, விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும். டொஸ்பொக்ஸ் போட்டால் இது முடிந்த கதை, இலவசம், ஒரு பழைய கொம்பியூட்டரையே உள்ளே நடித்துக் காட்டும். கேம் ஃபோல்டரை சி டிரைவில் நேரே வைத்து டொஸ்பொக்ஸுக்குள் மவுண்ட் செய்யுங்கள், அதாவது அந்த ஃபோல்டரை அதற்கு ஒரு டிரைவாகக் காட்டுங்கள். வேகம் கூடினால் கொன்ட்ரோல் எஃப்11, குறைந்தால் கொன்ட்ரோல் எஃப்12. இதே 16 பிட் பிரச்சினை விண்டோஸ் 95 காலத்துக் கேம்களிலும் வரும், கேம் 32 பிட்டாக இருக்கும், ஆனால் செட்டப் 16 பிட்டாக இருந்து இன்ஸ்டோலே ஆகாது. அப்படியானவற்றில் பழைய டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே கொப்பி எடுத்தாலே பல ஓடிவிடும். கல்முனை நானா டிஸ்க்கை முதலில் காப்பாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 வேறு கதை. 1999இல் வந்த கேம், 256 நிறத்தில் ஓடுகிறது. ஒரு தட்டில் 256 சாயம் வைத்துக்கொண்டு ஓவியம் வரைகிற மாதிரி, எந்தச் சாயம் எந்த இலக்கத்தில் இருக்கிறது என்பதைக் கேம்தான் தீர்மானிக்கும். பிறகு வந்த விண்டோஸ்களில் டெஸ்க்டொப்பும் அந்தத் தட்டில் கைவைத்துச் சில இலக்கங்களை மாற்றிவிடுகிறது, கேமுக்கு அது தெரியாது, புல் என்று நினைத்து ஊதாவைப் பூசுகிறது. விண்டோஸ் 7 காலத்தில் ஸ்கிரீன் ரெசொலூஷன் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு விளையாடுவோம், நிறம் சரியாக வரும். இப்போது அதற்குச் சரியான மருந்து சிஎன்சி டிடிரா என்ற சின்னப் புரோகிராம். அதில் உள்ள டிடிரா டிஎல்எல் என்ற ஃபைலைக் கேமின் ஈஎக்ஸ்ஈ இருக்கும் ஃபோல்டரில் போட்டால் போதும், கேம் படம் வரையக் கொடுக்கும் பழைய டைரக்ட்டிரோ கட்டளைகளை வாங்கி இன்றைய கிராஃபிக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும். விண்டோஸின் உள்ளே ஒன்றும் மாறாது, பிடிக்காவிட்டால் அந்த ஃபைலை அழித்துவிடலாம். உங்களிடம் அதன் விரிவாக்கமான கொங்கரர்ஸ் சிடியும் இருந்தால் யூசர்பட்ச் 1.5 போடுங்கள், நிறமும் சரியாகும், அகலத் திரையிலும் விளையாடலாம். 3டி கேம்களுக்கு, முக்கியமாக டைரக்ட்எக்ஸ் 8க்கு முந்தியவற்றுக்கும் வூடூ என்ற பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்று எழுதியவற்றுக்கும், டிஜிவூடூ 2 இதே வேலையைச் செய்யும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டு லப்டொப்பில் சேர்ந்து விளையாட வேண்டும் என்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் லெகசி கொம்போனன்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் டைரக்ட்பிளேயை ஓன் செய்யுங்கள். லான் ஆட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது. 2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் மிக அழகு, நானும் விளையாடுகிறேன், ஆனால் நீங்கள் காட்ட விரும்புவது அண்ணன் விளையாடியதை என்றால் பழையதே போதும், அதில் ஒரு குறையும் இல்லை.

சிம்ஸ்தான் கவலையான விஷயம். அந்த ஒரிஜினல் சிடியில் சேஃப்டிஸ்க் என்ற காவல் இருக்கிறது. சிடி உண்மையானதா என்று பார்க்க அது விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரைப் போடும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தபடியால் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசொஃப்ட் அதை எடுத்துவிட்டது, அதே வருடம் செப்டம்பர் அப்டேட்டில் விஸ்டா, 7, 8இலும் நிறுத்திவிட்டது. அதனால்தான் ஐகனை அமத்தினால் சத்தமே இல்லை. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர்கள் விளையாட முடியாமல் நிற்கிறார்கள், காவல் நீக்கிய கொப்பி சிடி ஓடுகிறது, இது எனக்கு மனதில் உறுத்துகிற விஷயம். எங்காவது ஒரு தளத்தில் அந்த டிரைவரை இறக்கி, டிரைவர் கையொப்பச் சோதனையை ஓஃப் பண்ணிப் போடச் சொல்லுவார்கள். செய்ய வேண்டாம் தம்பி, லப்டொப்பின் கதவைத் திறந்து விடுகிற வேலை அது. எக்ஸ்பி மெசின் எழும்பினால் அந்த சிடியை அதில் ஓட்டுங்கள், அல்லது 2025 ஜனவரியில் 25 வருட நிறைவுக்கு சிம்ஸ் லெகசி கலெக்‌ஷன் வெளியிட்டார்கள், விண்டோஸ் 11இல் ஓடும், பழைய விரிவாக்கங்களும் சேர்ந்து வரும்.

வைஸ் சிட்டியில் சேவ் பிரச்சினைக்கு என்ன காரணம் என்று வேறு யாராவது சொல்லட்டும். ஃப்ரேம் லிமிட்டரை மட்டும் ஓஃப் செய்யாதீர்கள், இன்றைய வேகத்தில் விட்டால் காரோட்டமும் மற்றவையும் குழம்பும்.


ஆரையம்பதி அக்கா எழுதியது:

தம்பி கல்லடி, உங்கள் லப்டொப்பில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்களா? ஓம் என்றால் வைஸ் சிட்டிக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கேம் சேவ் செய்வது மை டொக்கியுமென்ட்ஸுக்கு உள்ளே. அந்த ஃபோல்டருக்குப் போகும் வழியில் உங்கள் யூசர் பெயர் வரும். யூனிகோட் இல்லாமல் எழுதிய பழைய புரோகிராம்கள் ஃபைல் பெயர்களை விண்டோஸின் கோட் பேஜ் என்ற எழுத்து அட்டவணை வழியாக வாசிக்கின்றன. கிரேக்கத்துக்கு ஒன்று, ரஷ்ய மொழிக்கு ஒன்று, அரபுக்கு ஒன்று என்று கோட் பேஜ் இருக்கிறது, தமிழுக்கு அப்படி ஒன்று விண்டோஸில் இருந்ததே இல்லை, தமிழ் நேரே யூனிகோட்டில்தான் வந்தது. ஆகவே கேமின் கண்ணுக்கு உங்கள் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகத் தெரிகிறது, கேள்விக்குறி விண்டோஸில் ஃபோல்டர் பெயரில் வரவே கூடாத எழுத்து. எங்கே போய் எழுதுவது அது? செட்டிங்ஸில் பெயரை மட்டும் மாற்றினால் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி அதில் விளையாடுங்கள், பிள்ளைகளுக்கும் அது தனியாக இருக்கட்டும், உங்கள் வேலை ஃபைல்களில் கை படாது. ஒன்டிரைவ் டொக்கியுமென்ட்ஸைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். பழைய கேம்களை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இன்ஸ்டோல் செய்யாமல் சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தால் எழுத அனுமதி இல்லை என்ற தொல்லையும் வராது.

தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, நானும் தமிழில்தான் வைத்திருக்கிறேன், வைக்கத்தான் வேண்டும். பழைய கேமுக்கு மட்டும் தனி யூசர்.

இன்னொன்று, கேமோடு சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. பழைய டிஸ்க்கில் வேர்ட் ஃபைல்கள் இருந்தால் அவை பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் அடித்தவையாக இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருப்பதையும் சேர்த்துக் கொப்பி எடுங்கள். அந்த ஃபொன்ட் இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், குப்பை என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள்.


வாழைச்சேனை 90 எழுதியது:

எல்லோரும் லப்டொப்பில் சரிக்கட்டத்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நான் பழைய மெசின் பக்கம் நிற்கிறேன். கப்பாசிட்டர் நல்லது என்றால் அந்தப் பென்டியம் 4ஐ எழுப்புங்கள் தம்பி, பிள்ளைகளை அதன் முன்னால் இருத்துங்கள்.

ஏன் என்றால் இந்தக் கேம்கள் ஒரு குறிப்பிட்ட மெசினை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 640க்கு 480 படம் குழாய் மொனிட்டரில் கூர்மையாக இருக்கும், லப்டொப் திரையில் இழுத்துப் போட்டால் கலங்கும். சத்தமும் அப்படி, விஸ்டா வந்தபோது சவுண்ட் கார்டுக்கு நேரே பேசும் வழியை எடுத்துவிட்டார்கள், ஈஏஎக்ஸ் என்ற ஒலி வசதி இருந்த கேம்களில் குகைக்குள் நடக்கும்போது வந்த எதிரொலி அதோடு போயிற்று. 15 பின் ஜொய்ஸ்டிக் துளைக்கான ஆதரவும் அப்போதே போனது. லப்டொப்பில் இன்று சரிக்கட்டியது நாளைய அப்டேட்டில் நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜிடிஏ சான் அண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்று தண்ணீரில் இறங்கும் விமானம் இருக்கிறது அல்லவா, விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு அது கேமில் இருந்து மறைந்துவிட்டது. எல்லோரும் விண்டோஸைத்தான் திட்டினார்கள். பழைய ஜிடிஏ கேம்களைத் திருத்தும் சைலன்ட்பட்ச் என்ற பட்ச்சைச் செய்கிறவர் உள்ளே இறங்கித் தேடிப் பார்த்தால், தப்பு 2005இல் வந்த கேமிலேயே இருந்திருக்கிறது. வாகன விபரங்கள் எழுதிய ஃபைலில் ஸ்கிம்மருடைய வரியில் சக்கர அளவு எழுதவில்லை. வைஸ் சிட்டியில் ஸ்கிம்மர் படகு வகையில் இருந்தது, படகுக்குச் சக்கரம் தேவையில்லை. அளவு இல்லாத இடத்தில் கேம் மெமரியில் முன்பு எதை விட்டுப்போனதோ அதை வாசிக்கும், இத்தனை வருடமும் அந்த இடத்தில் அதற்கு முந்திய வாகனத்தின் அளவு அழியாமல் கிடந்து காப்பாற்றியிருக்கிறது. 24எச்2இல் விண்டோஸ் தன் உள்வேலைக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பாவித்தது, பழைய எண் அழிந்தது, விமானம் போனது. 20 வருடம் ஒளிந்திருந்த தப்பு. சைலன்ட்பட்ச் அதைத் திருத்திவிட்டது, அது வேறு. ஆனால் எக்ஸ்பி மெசினில் இப்படி ஒன்று என்றைக்கும் நடக்காது, ஏனென்றால் அதற்கு அப்டேட் வருவதே இல்லை.

இன்டர்நெட்டில் மட்டும் பூட்டாதீர்கள், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு முடிந்தது. லப்டொப்பில் இருந்து ஃபைல் கொண்டுபோக லான் கேபிள் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது, எக்ஸ்பி ஃபைல் பகிரப் பாவிக்கும் பழைய எஸ்எம்பி 1 முறை இப்போது விண்டோஸில் ஓஃப் ஆகித்தான் வருகிறது. எஃப்ஏடி32 முறையில் ஃபோமட் செய்த பென் டிரைவே போதும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

அக்கா சொன்னதுதான், யூசர் பெயர் தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் புது யூசர் போட்டேன், வைஸ் சிட்டி சேவ் ஆகிறது. டொஸ்பொக்ஸில் பிரின்ஸ் ஓடுகிறது. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் சிஎன்சி டிடிரா போட்டவுடன் புல் பச்சையாக வந்தது, அந்த நிறத்தில் பார்த்தவுடன் கட்டாரில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன், அவர் வேலை முடிந்து களைத்து வந்திருந்தவர், அப்படியே இருந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தார். நான் எங்கே மரம் வெட்ட வேண்டும் என்று அங்கிருந்து சொன்னார்.

டிஸ்க்கைக் கழற்றிக் கொப்பி எடுத்தாயிற்று கல்முனை நானா, சில இடங்கள் வாசிக்கவில்லை, ஆனால் ஃபைல்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. போர்ட்டில் சிபியூ பக்கத்தில் இரண்டு கப்பாசிட்டர் வீங்கியிருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன். வாழைச்சேனை அண்ணன், அதை மாற்றினால் மெசினையும் எழுப்பத்தான் போகிறேன், சிம்ஸ் சிடியை அக்கா ஆசைப்பட்டுக் கேட்கிறார்.

இப்போது இன்னொரு விஷயம் வந்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தன் கடையில் இருக்கிற பில் போடும் புரோகிராமையும் இப்படி மாற்ற முடியுமா என்று கேட்கிறார். ஃபொக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் யாரோ எழுதிக் கொடுத்த டோஸ் புரோகிராம், பழைய விண்டோஸ் 98 மெசினில் ஓடுகிறது, எப்சன் எல்எக்ஸ் 300 பிரிண்டரில் கார்பன் தாளில் பில் அடிக்கிறார். அந்த மெசின் நின்றால் கடன் கொப்பி முழுக்கப் போய்விடும் என்று அவருக்குப் பயம். இதற்கும் டொஸ்பொக்ஸ் போதுமா?


அக்கரைப்பற்று ஐசிடி எழுதியது:

சாதாரண டொஸ்பொக்ஸை இதற்குப் போட வேண்டாம். அதைச் செய்தவர்களே கேமுக்கு மட்டும் என்று சொல்கிறார்கள், பிரிண்டருக்கு அனுப்பும் வசதி அதில் கிடையாது. டொஸ்பொக்ஸ் எக்ஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதில் டோஸ் புரோகிராமில் இருந்து எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டுக்கு வருகிறதைப் பிடித்து விண்டோஸ் பிரிண்டருக்கோ ஒரு ஃபைலுக்கோ அனுப்பலாம். விடோஸ் என்ற இன்னொன்றை இப்படிக் கடைக் கணக்குப் புரோகிராம்களுக்கென்றே செய்தார்கள். இரண்டையும் கொப்பி ஃபைல்களில் வைத்துப் பாருங்கள், கடை ஓடுகிற நேரத்தில் உண்மையான கணக்கில் கைவைக்க வேண்டாம்.

ஆனால் எதற்கும் முன் இன்றைக்கே அப்பாவின் மெசினில் டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்கள் எல்லாவற்றையும் கொப்பி எடுங்கள். கடன் கொப்பி இருப்பது அதில்தான். லிப்ரஒஃபிஸ் கல்க்கில் டிபிஎஃப் ஃபைலைத் திறக்க முடியும், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை அப்படியே பட்டியலாகப் பார்க்கலாம். புரோகிராம் ஓடாவிட்டாலும் கணக்குத் தப்பிவிடும், அப்பாவுக்கு அந்த ஒரு பட்டியலைக் காட்டினாலே பாதிப் பயம் போகும்.

நான் படிப்பிக்கிற பாடசாலையிலும் இதே மாதிரிப் பழைய மெசின்கள்தான், விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது, அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபரோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம், நன்றாகவே ஓடுகிறது. அதில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் இருக்கிறது, 64 பிட் விண்டோஸ் கைவிட்ட 16 பிட் விண்டோஸ் புரோகிராம்களைக்கூட அது ஓட்டும், விண்டோஸ் 3.1 காலத்து சிடி ஏதாவது அந்தப் பெட்டியில் இருந்தால் அங்கே போட்டுப் பாருங்கள். சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பஸ்கல் படிப்பிக்க டேர்போ பஸ்கல் வைத்திருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை, அதில் எழுதிய பழைய புரோகிராம்கள் வேகமான மெசினில் ரன்டைம் எரர் 200 என்று நிற்கும், மெசின் பழுது இல்லை, தொடக்கத்தில் மெசினின் வேகத்தை அளக்கும் கணக்கு நிரம்பி வழிவதால் வருவது. டொஸ்பொக்ஸில் வேகத்தைக் குறைத்தால் ஓடும்.


கல்முனை ரிப்பெயர் எழுதியது:

தம்பி, படம் பார்த்தேன். 6.3 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டும் போக வேண்டியவைதான், பக்கத்தில் நிற்கும் அதே வகையையும் சேர்த்து மாற்றிவிடுவோம், இன்று நல்லதாகத் தெரிந்தாலும் அவையும் அதே வயது. போர்ட்டை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள், முழுப் பெட்டியையும் பஸ்ஸில் தூக்கி வர வேண்டாம்.

அப்பாவின் பிரிண்டருக்கு: எல்எக்ஸ் 300 பிளஸ் 2 என்று முன்னால் எழுதியிருந்தால் அதில் யூஎஸ்பி துளை இருக்கும், சாதாரணக் கேபிள் போதும். பழைய வகை என்றால் யூஎஸ்பியில் இருந்து பரலல் போகும் கேபிள் வாங்குங்கள், ஒரு முனை அகலமான 36 பின் உள்ளது, பிரிண்டரில் நேரே பூட்டுவது. அதைப் பூட்டினால் விண்டோஸில் எல்பிடி1 வராது, யூஎஸ்பி001 என்று ஒரு போர்ட் வரும், டோஸ் புரோகிராம் அதைத் தானாகக் காணாது, அக்கரைப்பற்று சேர் சொன்ன டொஸ்பொக்ஸ் எக்ஸ் இடையில் நின்று அனுப்ப வேண்டும். எப்சன் டிரைவரில் எழுத்து இடம் மாறி அடித்தால் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்ற டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பில் மாதிரி வெறும் எழுத்துக்கு அது போதும், வேகமாகவும் அடிக்கும். பரலல் கேபிளைக் கழற்றவோ பூட்டவோ முன் பிரிண்டர், கொம்பியூட்டர் இரண்டையும் ஓஃப் செய்ய வேண்டும், யூஎஸ்பி மாதிரி ஓடுகிற நேரத்தில் இழுத்தால் போர்ட் எரியக்கூடும், அப்பாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டு, மற்ற நாள் எந்த நேரமும் வரலாம்.